டோரீன் சொன்ன பாதிக் கதை

அமெரிக்காவின் ஒஹையோவில் அந்தச் சனிக்கிழமை மதியம், டோரீன் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முகக்களிம்பைப் புறங்கையில் தடவி முகர்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்தது அவளுடைய கதை. கம்பெனி வழக்கம் அது: அன்று எப்படி இருந்தேன், இன்று எப்படி இருக்கிறேன் என்று விற்பவள் முதலில் சொல்லியாக வேண்டும்.

டயர் ஆலை மூடியது, கணவன் ராய் வேலையில்லாமல் உட்கார்ந்தது, அவள் அழுதது. முதல் பாதி உண்மை. களிம்பு விற்றுச் செழித்த மறுபாதியை, அவளைக் கம்பெனியில் சேர்த்த ஃபிலிஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். "நடக்கப்போறதைத்தானே கண்ணு, முன்கூட்டியே சொல்றோம்? பொய்யில்லையே."

இன்னும் நடக்கவில்லை. மாதாமாதம் இவ்வளவு விற்றால்தான் கம்பெனியில் பதவி நிற்கும்; அது போய்விடாமலிருக்க டோரீன் தன் காசிலேயே வாங்கிய களிம்புப் பெட்டிகள் கார் கொட்டகையை அடைத்துக்கொண்டிருந்தன.

அன்று உடன் வந்திருந்த ஃபிலிஸைக் கூடத்தில் பேசவிட்டு, டோரீன் சமையலறைக்கு ஐஸ் டீ கலக்கப் போனாள். தங்கை மேலீன் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை ஸ்கூல் வேலையை விட்டுட்டு உன்கூடக் களிம்பு விக்கச் சேரப்போறேன். பிள்ளைங்க தட்டுல உருளைக்கிழங்கு அள்ளிப் போட்டது போதும்."

"கொஞ்ச நாள் லீவு போட்டுப் பாரேன்டி."

"நீ லீவு போட்டா ஜெயிச்ச?"

டோரீன் கரண்டியை வைத்தாள். இத்தனை நாளில் தான் உருப்படியாக விற்றது அந்தக் கதை ஒன்றைத்தான் என்று பட்டது. வாங்கியவள் இதோ நிற்கிறாள்.

"நான் ஜெயிக்கல, மேலீன். ராய் காவல் வேலைக்குப் போய்த்தான் வீடு ஓடுது. கொட்டகையில இருக்கற பெட்டிங்க ஆர்டர் இல்ல. விக்காத சரக்கு."

தங்கை அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். மேலீன் சிரித்தாள்.

"நாம மேல வர்ற நேரத்துல வீட்டாளுங்களே காலை வாருவாங்கன்னு ஃபிலிஸ் சொன்னாங்க. அது நீயா இருப்பன்னு நெனைக்கல."

ராய் முதன்முறை "போதும், விட்டுடு" என்றபோது டோரீன் அவனிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அப்போது அவை தன் சொந்த வார்த்தைகள் என்றே நம்பியிருந்தாள்.

"பொறாமையாடி எனக்கு?"

"பின்ன? சின்ன வயசுலேர்ந்து நான் உனக்குப் பின்னாடியே நிக்கணும், அதானே உனக்கு."

மேலீன் கூடத்துக்குப் போய்விட்டாள். "ஃபிலிஸ், அக்கா என்னைச் சேக்கமாட்டாளாம். நீங்க சேத்துக்கறீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு!"

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். புதிதாகச் சேர்பவளுக்கு அதுதான் மரியாதை.

டோரீன் டீயோடு வந்தபோது ஃபிலிஸ் இடம்விட்டு ஒதுங்கினாள். "வா வா. தங்கச்சிக்காக உன் கதையைச் சொல்லு."

டோரீன் தொடங்கினாள். ஆலை, ராய், அழுகை. வழக்கமாகக் குரல் தேறும் இடம் வந்தது.

"அதுக்கப்புறம் ஒண்ணும் மாறல," என்றாள்.

யாரோ ஒருத்தி களிம்புப் புட்டியை மெல்ல மூடி மேசையில் வைத்தாள். மேலீன் அக்காவைப் பார்க்கவில்லை. இப்போது என்ன நினைக்க வேண்டும் என்று கேட்பவள்போல ஃபிலிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.