சூடாறாத லத்தி

...சின்னப் பிள்ளையும் நடக்கலாமாம், மேடு பள்ளம் இல்லையாம், வெறும் புல்வெளியாம், இதைச் சொல்ல ஒரு மசூர் மாஸ்டர் வேண்டியிருக்கிறது, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், ஒரே வளவில் பக்கத்து வீடு, இரண்டும் சீதன வீடு, நேற்று வந்த அவருக்கு ஓட்டுக் கூரை, ஏழு வருடம் முன்னால் வந்த எனக்குத் தகரம், எங்கள் மாமனாரின் கை அப்படிப்பட்ட கை... பெருநாள் கழிந்த மறுநாள் வேன் பிடித்து எல்லோரையும் லகுகலைக்குக் கூட்டி வந்ததும் அவர்தான், பூங்கா என்று அரசாங்கம் போர்டு போட்டுவிட்டால் காடு காடில்லாமல் போய்விடுமா? வேனுக்குள் என்னைக் காட்டி, அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே, என் ஊரையும் இழுத்து என்ன சொன்னார்? "காக்கா இறக்காமத்து ஆள், குரங்கக் கண்டா சொந்தக்காரன் எண்டு இறங்கிருவாரு." எல்லோரும் சிரித்தார்கள். ஸகியாவும் சிரித்தாள், என் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

சிரிக்கட்டும். வேனை விட்டு இறங்கி நடக்கிற வழியில் கிடந்த இந்த யானை லத்தியை ஒருவரும் கவனிக்கவில்லை, நான்தான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து உள்ளங்கையை வைத்தேன், சூடு ஆறவில்லை, பிடுங்கிப் போட்ட புல்லில் ஈரம் காயவில்லை, வயலில் காவல் கிடந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், எதிரே அந்த நாணல் பற்றைக்குள்தான் நிற்கிறது, காற்று இந்தப் பக்கம் வீசுகிறது, எங்கள் வாடை அதற்குப் போகவில்லை, திடுக்கிட்டால் பாயும்... சொல்ல வேண்டுமா? சொன்னால் இன்னொரு குரங்குக் கதை வரும். மாஸ்டர்தானே முன்னால் போகிறார், வெள்ளைக் காற்சட்டை, போகட்டும், இன்னும் இருபது அடி, ஒரு தரம் பிளிறட்டும், காற்சட்டை நனையட்டும், பிறகு வேனுக்குள் யார் சிரிப்பது என்று பார்க்கலாம்... பதினெட்டு, பதினேழு... பற்றைக்கு மேலே நாலு கொக்குகள் உட்கார்ந்தபடியே நகர்கின்றன, "சாச்சா, கொக்கு!" ஹப்ஸா, என் மகள், நாலு வயது, என் பக்கத்திலிருந்து எப்போது போனாள், மாஸ்டருடைய விரலைப் பிடித்துக்கொண்டு, "வா மகள், கிட்டப் போய்ப் பாப்பம்"...

கத்தக் கூடாது, கத்தினால் கெட்டது, நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒரு குரல் வந்தது. "மசூர், நில்லுங்க. பிள்ளயத் தூக்கிட்டு அப்படியே பின்னால வாங்க, ஓடப்படா." பற்றை விலகி ஒரு காது ஆடியது. வந்து சேர்ந்தார், முகத்தில் இரத்தம் இல்லை, ஹப்ஸாவை நெஞ்சோடு இறுக்கியிருந்தார், அந்தப் பிடியைப் பார்க்கவும் எனக்கு எரிந்தது. வேனில் ஏறியதும் என் கையைப் பிடித்தார். "அல்லாஹ் காப்பாத்தினான் காக்கா, உங்கிட கண் இல்லாட்டி எங்கிட பிள்ள..." எங்கிட பிள்ளையாம். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

எல்லோரும் புகழ்ந்தார்கள், ஸகியாவைத் தவிர. போத்தல் தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றினாள். "இஞ்சருங்க, முதல்லயே கைய வெச்சுப் பாத்தீங்கதானே?" எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் கையைத் தேய்த்துக் கழுவினேன். லத்தியின் சூடு அவளுக்கும் தெரியும், கலியாணம் முடித்த வருடம் இறக்காமத்து வயலில் தொட்டுக் காட்டியதே நான்தான்... பார்த்தவள் ஏன் வாய் திறக்கவில்லை? நான் சொல்வேன் என்று நம்பியிருந்தாளா, சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாளா? ஹப்ஸாவைத் தூக்கி ஜன்னல் பக்கம் இருத்தினாள், வழக்கம்போல எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லை, அந்தப் பக்கம், என் கைக்கு எட்டாமல்.