காலாவின் நெற்றி

எங்கள் தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கோழி சூப் வரும், பிறகு யோசனை வரும். என் மகள் கினந்தியின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் மூட வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்ன வாரம், எங்கள் அடுப்படி முழுக்க அடுத்த வீட்டுப் பாத்திரங்கள். யோசனைகளும் அதே அளவுக்கு வந்தன. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட என் மனைவி துமினி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதைச் சொன்னவர் பாக் ஜுமாதி; பாக் என்றால் ஐயா. ஜாவாக்காரர்களான எங்கள் கமெலான் வாத்தியக் குழுவில் மத்தளம் அவர் கையில்தான்.

"ஒத்தப் புள்ள. முன்னாடியும் ஆளில்ல, பின்னாடியும் ஆளில்ல. ஊரா இருந்தா எப்பவோ ருவாத்தான் பண்ணி காலாகிட்டேருந்து மீட்டிருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் பிலடெல்பியாவுக்கு வந்து கீரைய பாக்கெட் போட்டுட்டே இருந்துட்டீங்க."

"பாக், டாக்டரு பொறக்கும்போதே இருந்த ஓட்டைன்னுதான் சொல்றாரு" என்றேன்.

"பொறக்கும்போதே அவன் கண்ணு வெச்சுட்டான்னு நானும் அதத்தானடா சொல்றேன்."

தனிப் பிள்ளை காலா என்ற அரக்கனுக்கு இரை என்பது எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் எங்கள் ஊரில் அழுகிற பிள்ளையை அடக்க அவன் பெயர் ஒன்றே போதும். ஆனால் நான் ஐந்து வேளை தொழுகிறவன். இந்தப் பேச்சை ஒரு காதில் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் ஒரு குளிர் அறையில் நாள் முழுக்கக் கீரை பொறுக்கிப் பையில் அடைப்பதுதான் வேலை. அங்கே விரல்தான் மரத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் தலைக்குள்ளும் மரத்துப்போயிருந்தது. துமினிதான் விடவில்லை.

"கினந்தி அப்பா, நெஞ்சைக் கீறுறதுக்கு முன்னாடி இத முடிச்சிரணும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? ஆப்பரேஷன் பண்ணலன்னா?"

"பண்ணா? அவன் அங்கேயே நின்னுட்டிருந்தா?"

புதன்கிழமை அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது.

ருவாத்தான் என்பது பாவைக்கூத்து ஆடிக் காலாவிடமிருந்து பிள்ளையை மீட்கும் சடங்கு, அதற்குக் கமெலான் வேண்டும். அது எங்களிடம் இருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாரந்தோறும் அதை வாசிக்கிறோம். பாதிப் பேர் கிடங்கிலும் சமையல்கட்டிலும் வேலை பார்க்கும் எங்கள் ஆட்கள், மீதிப் பேர் அமெரிக்க மாணவர்கள். பாவை ஆட்டிக் கதை சொல்ல ஒரு தாலாங் வேண்டும். அதுவும் இருந்தது, ஆனால் அவர் பெயர் ரஸ்ஸல். நாங்கள் பாக் ரஸ் என்போம். ஜாவாவின் அரண்மனை நகரமான சோலோவில் பல வருடம் கிடந்து கற்றவர். நாங்கள் பேசுவது சந்தை ஜாவா, அவர் பேசுவது அரண்மனை ஜாவா. அவர் வாயைத் திறந்தால் பாக் ஜுமாதி தன்னை அறியாமல் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்.

பயிற்சி முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"ஜுமாதி சொன்னாரு மாஸ்" என்றார், நான் தொடங்குவதற்குள்; மாஸ் என்றால் அண்ணன். "நான் பண்ணக்கூடாது."

"உங்களுக்குத் தெரியாததா பாக்?"

"தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெரியும். ஆனா இதப் பண்றவன் தாலாங் வம்சத்துல பொறந்திருக்கணும். எங்கப்பா அயோவாவுல பன்னி வளத்தவரு."

"எங்கப்பா அடுத்தவன் வயல்ல வாத்து மேச்சவரு. அதுக்கென்ன?"

அவர் சிரிக்கவில்லை. "கடைசியில காலாவோட நெத்தியில எழுதியிருக்கிறதப் படிக்கணும். வம்சத்துல வந்தவன் படிச்சா காலா அடங்கிப் போயிருவான். அந்த உரிமை இல்லாதவன் படிச்சா, படிச்சவன் பக்கம் திரும்புவான்னு சொல்லுவாங்க."

"காலேஜுல இதெல்லாம் வெறும் கதைன்னு சொல்லிக்குடுக்கிறீங்க. மனுஷனோட பயத்துக்கு ஒரு உருவம்னு எங்களையே ஒரு தடவ உக்கார வெச்சு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பக் கதையச் சொல்லிட்டுப் போங்க. நம்பாதவருக்கு என்ன பயம்? என் பொண்டாட்டி கையெழுத்துப் போட்டுருவா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் காரைப் பார்த்தார். பின் இருக்கையில் அவர் மகள் நோரா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் வாயால் ஊதி, அந்த ஆவியின் மேல் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். கினந்தி வயதுதான். அவளுக்கும் முன்னாலும் பின்னாலும் ஆளில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் துமினிக்காக வந்திருந்தேன். இத்தனை படித்த மனிதர், எதையும் நம்பாதவர், தன் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றால் அங்கே ஏதோ இருக்கத்தான் செய்கிறது. யாராலும் அசைக்க முடியாத பயம் அந்த ஒரு பார்வையில் என் மேல் ஏறிக்கொண்டது. என் மகளின் நீலம் பாய்ந்த உதடு கண்முன் வந்தது. பக்கத்தில் அவன் குந்தியிருப்பதும் தெரிந்தது.

"பாக்" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். "வேற யாரு இருக்கா? விமானத்துல ஒருத்தரக் கூட்டிட்டு வர நேரமில்ல. நானே படிக்கிறேன், சொல்லிக்குடுங்க."

"அது நீங்க நினைக்கிற எழுத்தில்ல மாஸ்."

ஏ, பி, சி எனக்குப் பிடிபட்டதே முடி நரைத்த பிறகுதான். இதே தேவாலயத்தின் மாடியில் நடந்த மாலை வகுப்பில். அவருக்கு அது தெரியும். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இருந்தாலும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பிடியை விடவில்லை. பின் இருக்கையில் நோரா பூனையை அழித்துவிட்டு வேறு எதையோ வரையத் தொடங்கியிருந்தாள்.

"சரி மாஸ்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை."

நடுவில் ஒரே ஒரு ஒத்திகை கிடைத்தது. எங்கே கதை, எங்கே வேகம், எங்கே மெதுவாகி நிற்பது என்று பாக் ரஸ் சொல்லிக்கொண்டே போனார். நெற்றியைப் படிக்கும் இடம் வந்தபோது, "இந்தச் சொல்ல ஒத்திகைக்கெல்லாம் வாயில எடுக்கக்கூடாது. இங்க படிப்பேன், அப்புறம் மத்தளம் எறங்கும், கோங் விழும், நான் புள்ளையோட முடிய வெட்டுவேன்" என்றார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். எல்லோர் கையும் அப்படியே பழகிக்கொண்டது.

கோங் என்ற அந்தப் பெரிய தொங்கும் வெண்கலத் தட்டை அடிப்பவன் நான். மற்றவர்கள் கைச் சுத்தியலால் வெண்கலக் கட்டைகளை ஓய்வில்லாமல் தட்டிக்கொண்டிருக்க, எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் ஒரு அடி. எங்கள் இசையில் முடிவு என்பது கோங்தான். மத்தளம் வேகத்தைக் குறைக்கும், எல்லோரும் குறைப்பார்கள், கடைசிச் சுரத்துக்குக் கை தூக்கிக் காத்திருப்பார்கள். கோங் விழுந்த பிறகே அந்தக் கைகள் இறங்கும். விழாவிட்டால் முடியவில்லை என்று அர்த்தம்.

ஞாயிறு மதியம் கீழ்த்தளம் நிறைந்துவிட்டது. வாழைத்தார், கரும்பு, இளநீர், கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, முழுக்கோழி எல்லாம் இருந்தன. பூ மட்டும் சூப்பர் மார்க்கெட் பூ. சாம்பிராணி போட்டால் தீ அலாரம் அடித்து வண்டி வந்துவிடும் என்று பாதிரியார் கறாராகச் சொல்லியிருந்தார். பாக் ஜுமாதி படிக்கட்டுக்கு வெளியே நின்று கொளுத்தி, ஒரு பீட்சா அட்டையால் புகையை உள்ளே விசிறினார்.

"காலாவுக்கு மூக்கு பெருசு, இது போதும்" என்றார்.

கினந்தி வெள்ளைத் துணி போர்த்தித் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படி இறங்கியதற்கே மூச்சு வாங்கியிருந்தது.

"அப்பா, முடிய முழுசா வெட்டிருவாங்களா?"

"நுனி மட்டும்டா."

"ஆஸ்பத்திரியிலயும் நுனி மட்டும் வெட்டச் சொல்லுப்பா."

துமினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூத்து தொடங்கியது. விளக்குக்கு முன்னால் காலா எழுந்தான். கோரைப் பல்லும் உருட்டும் விழியுமாகத் திரை பாதிக்கு அவன் நிழல். தனக்கு உணவு வேண்டும் என்று கேட்டான். தனிப் பிள்ளைகளைத் தின்னலாம் என்று அவனுக்கு வரம் கிடைத்தது. அவன் ஒரு பிள்ளையைத் துரத்தினான், அது ஓடி ஓடி ஒரு கூத்துக் கொட்டகைக்குள் ஒளிந்தது. அங்கே தாலாங் வேடத்தில் விஷ்ணு உட்கார்ந்திருந்தார். பாக் ரஸ்ஸின் குரல் ஒவ்வொரு பாவைக்கும் மாறியது. சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. நான் ஒவ்வொரு சுற்றுக்கும் கோங்கை அடித்துக்கொண்டு, அந்த ஒரு இடத்துக்காக மட்டும் காத்திருந்தேன்.

இடம் வந்தது. காலாவை விளக்குக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுபோனார். அவன் நெற்றி திரையில் பெரிதாயிற்று. பாக் ரஸ் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு, ஒத்திகையில் செய்தது போலவே, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பாவையைக் கீழே வைத்தார். கை கத்தரிக்கோலுக்குப் போயிற்று.

படிக்கவில்லை.

யாருக்கும் தெரியவில்லை. ஒத்திகையில் பழகிய கைகள். பாக் ஜுமாதி மத்தளத்தை இறக்கினார், எல்லோரும் இறங்கினார்கள், சுத்தியல்கள் கடைசிச் சுரத்துக்கு மேலே எழுந்து நின்றன. துமினி கண்ணை மூடிக் கை ஏந்தியிருந்தாள். அவள் முகத்தில் அத்தனை நாளாகக் காணாத ஒரு அமைதி இருந்தது.

நான் கோங்கை அடிக்கவில்லை.

தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. எங்கோ ஒரு குழந்தை இருமியது.

"டேய் வாகிமின், தூங்கிட்டியா?" என்று பாக் ஜுமாதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அடிடா."

நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று.

பாக் ரஸ் திரும்பினார். கத்தரிக்கோல் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கண் என்னிடம் கெஞ்சியது. வண்டி நிறுத்துமிடத்தில் நான் கெஞ்சிய அதே கெஞ்சல். பிறகு அவர் பார்வை என்னைத் தாண்டிச் சுவரோரம் போனது. அங்கே பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் நோரா உட்கார்ந்து, மடியில் தோலைப் பரப்பிக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நானும் திரும்பி அவளைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு கினந்தியைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் அவள் தோள் ஏறி இறங்கியது.

சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாக் ரஸ் மெதுவாகத் திரைப் பக்கம் திரும்பினார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். காலாவை மறுபடியும் எடுத்தார். நெற்றி திரையில் எழுந்தது, அவர் படித்தார். முன்னும் பின்னும் புரட்டிப் போட்டது போன்ற சொற்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் குரல் உடைந்தது. செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மத்தளம் தானாக இறங்கியது. நான் அடித்தேன். அந்த அடி என் விலா எலும்பில் வெகுநேரம் நின்றது.

முடி வெட்டினார்கள். பூத்தண்ணீர் தெளித்தார்கள். துமினி அழுதுகொண்டே சிரித்தாள், எல்லோருக்கும் சோறு வைத்தாள். பாக் ரஸ் சாப்பிடவில்லை. பாவைகளைக் கட்டிவைத்து, நோராவின் கையைப் பிடித்துப் படியேறினார்.

"பை, கோங் மாமா!" என்று அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன். அவளைக் காரில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினார். இழுத்துப் பார்த்தார். கதவை மூடிவிட்டு, திரும்பத் திறந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

புதன்கிழமை துமினி கையெழுத்துப் போட்டாள். கினந்தியைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனார்கள். மதியம் தாண்டியது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாக் ரஸ். எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிடுவது கேட்பதற்கா, சொல்வதற்கா என்று தெரியவில்லை.

"யாரு? எடுங்களேன்" என்றாள் துமினி.

"அப்புறம்."

டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். ஓட்டை மூடியாயிற்று, இதயம் தானாக ஓடுகிறது என்றார். துமினி அந்தத் தாழ்வாரத்திலேயே நெற்றி தரையில் பட விழுந்து தொழுதாள். நர்ஸ்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்கும் விழத்தான் தோன்றியது. ஆனால் பையில் போன் மறுபடியும் அதிர்ந்தது.

எடுத்தேன்.

"மாஸ்... என்னாச்சு?" என்றார்.

"பொழச்சுட்டா பாக். மூடிட்டாங்களாம்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. சந்தோஷமும் அதில் இருந்தது. அது மட்டும் இல்லை.

"நோரா எங்க பாக்?"

"ஸ்கூல் பஸ்ஸுல வந்துட்டு இருக்கா. வழக்கமா இந்நேரம் வந்துரும். நான் வாசல்ல நிக்கிறேன்."

"போன வெக்காதீங்க."

"வெக்கல."

அவர் தெருவில் ஒரு நாய் குரைத்தது. யாரோ இலை கூட்டினார்கள். ஒரு வண்டி வந்து நிற்காமல் போயிற்று. நர்ஸ் வந்து, அம்மாவும் அப்பாவும் உள்ளே வரலாம், பிள்ளை கண் திறக்கப் போகிறாள் என்றாள். துமினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன நிக்கிறீங்க? வாங்க கினந்தி அப்பா!"

"நீ போ. இதோ வரேன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அந்தத் தெருவில் பஸ் சத்தம் இன்னும் கேட்கவில்லை.