பூமாரியின் கணக்கு வகுப்பு

மும்பையின் அந்தத் தாராவிப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்களுக்கென்று ஒரு பக்கச் செய்தித்தாள் வரும். ஸ்டென்சிலில் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றிப் பிரதி எடுத்து, கையெல்லாம் மையாக்கிக்கொள்பவள் நஸீரா டீச்சர். பாதிப் பேர் அதில் வடாபாவ் வைத்துத் தின்பார்கள். அந்த எரிச்சல் அவளுக்கு உண்டு.

ஒரு வாரம் கொட்டை எழுத்தில் போட்டாள்: 'எட்டாம் வகுப்பு பூமாரிக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். தயவுசெய்து கரும்பலகைக்குப் பாடம் நடத்தாதீர்கள்.'

புதன்கிழமை கணக்கு வாத்தியார் பூலோகம் குறைப்பட்டுக்கொண்டு வந்தார். "டீச்சர், நீங்க போட்டபடி பிள்ளைக பக்கம் திரும்பி நின்னுதான் பேசுதேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வெளங்கலையே!"

நஸீரா பூமாரியிடம் கேட்டாள். பூமாரி மூக்குக்குக் கீழே இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டினாள். நஸீராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூலோகத்தின் மீசை கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் வரை பிரசித்தம். அதற்குள் உதடு எங்கே இருக்கிறதென்று அவர் மனைவிக்காவது தெரியுமோ என்னவோ! அதை எழுத முடியுமா? 'பேசுபவரின் உதடு மறைவில்லாமல் தெரிய வேண்டும்' என்று மட்டும் அந்தச் சனிக்கிழமை எழுதினாள்.

திங்கட்கிழமை பூலோகம் மழமழவென்று வந்து நின்றார். "வீட்டுல என்னைப் பாத்து யாருன்னு கேக்காங்க. இதைப் பேப்பர்ல போட்டுராதீங்க, தாயி."

அவள் போடவில்லை. அந்த வாரத் தாளின் முதல் வரி இதுதான்: 'எட்டாம் வகுப்பில் இப்போது கணக்கு நன்றாகக் கேட்கிறது.'