சினை பார்க்காத பசு

மனைவி இறந்த மூன்றாம் மாதம், பண்ணைக்காரர் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் பெண்ணை வரச் சொன்னார். அவர் பால் வண்டி ஓட்டுபவர். விடிவதற்குள் கிளம்பினால் மதியம்தான் வீடு. எந்த மாடு கத்துகிறது, எது தீனியை வெறுக்கிறது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் மனைவி. அவள் போனபின் மாடுகள் பருவத்துக்கு வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை.

ஊசிக்காரம்மா ஒரு வழி சொன்னாள். ஹார்மோன் ஊசி போட்டால் எல்லா மாடும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். ஒரே நாளில் சினை ஊசியைப் போட்டுவிடலாம். ஆனால் ஏற்கெனவே சினையாக இருக்கும் மாட்டுக்கு அந்த மருந்து ஆகாது, கன்று கலைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கையை உள்ளே விட்டுச் சோதித்தாள். இரண்டு சினை. அந்த இரண்டையும் அவர் முன்பே சரியாகச் சொல்லியிருந்தார்.

கடைசியில் நின்றது மேடம். பின்னால் யார் வந்தாலும் உதைக்கும் என்பதால் மனைவி வைத்த பெயர். அன்றும் உதைத்தது, ஊசிக்காரம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

“விடும்மா. இதுக்கு இன்னும் சினை ஊசியே போடல. எனக்குத் தெரியாதா?” என்றார் அவர்.

அவள் சோதிக்காமலே மாட்டின் கழுத்தில் மருந்தைப் போட்டுவிட்டாள்.

நான்காம் நாள் விடியுமுன், வண்டி எடுக்கப் போனவரிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், கொட்டகைக் கால்வாய் ஓரம் சாக்கின்மேல் பூனையளவு கன்று. குளம்புகள் இன்னும் மெழுகுபோல் இருந்தன. மேடம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

தான் விடுப்பில் இருந்தபோது இந்தப் பக்கம் பார்த்துக்கொண்ட ஊசிக்காரரிடம் அவள் போனில் விசாரித்தாள். நாலு மாதம் முன்னால் அந்த வீட்டு அக்காதான் கூப்பிட்டார்கள், நான்தான் சினை ஊசி போட்டேன் என்றார் அவர். கன்று பெண்ணாக, கிடாரியாகப் பிறக்க வேண்டும் என்று அந்த அக்கா ரொம்ப ஆசைப்பட்டதாகவும் சொன்னார்.

மாடு கன்று வீச ஆயிரம் காரணம் உண்டு, மறைத்திருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

“தப்பு என்னோடதுதான் அண்ணா. கையை விட்டுப் பாக்காம போட்டிருக்கக் கூடாது.”

அவர் மேடத்தின் கழுத்தில் கை வைத்தார்.

“என்கிட்ட சொல்லியிருப்பா,” என்றார் பிறகு. “சாப்பிடறப்ப தினமும் மாட்டுப் பேச்சுதான். நான் போனைப் பாத்துக்கிட்டே ம் கொட்டுவேன்.”

மண்வெட்டியை எடுத்துவந்தவர் சாக்கின் அருகே நின்றார்.

“கிடாரியாம்மா?”

அவள் வந்ததுமே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

“இவ்வளவு சின்னதுல தெரியாதுங்க அண்ணா,” என்று சொல்லிவிட்டு, சாக்கின் ஓரத்தை இழுத்து மூடினாள்.

அவர் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழி வெட்டத் தொடங்கினார். வீங்கிய காலோடு அவளும் கூடப் போய் மண் தள்ளினாள்.