தரையில் குளிர்

கிடங்குகளின் கூரையில் ராட்சத மின்விசிறி மாட்டுவதுதான் அவன் பிழைப்பு. அதுவும் குளிர்காலத்தில். "குளிர்ல எவனாவது ஃபேன் போடுவானா?" என்று சிரிக்காத முதலாளி கிடையாது. அவனும் சளைக்காமல் விளக்குவான். சூடான காற்று லேசு, கூரைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிர்ந்த காற்று கனம், தரையை விட்டு அசையாது. இப்படி அடுக்கு விழுந்துவிட்டால் காற்றுக்குள் இருக்கிற சுழிப்பெல்லாம் அடங்கிப்போகும். ஹீட்டரை எவ்வளவு ஓட்டினாலும் மேலேதான் சூடு ஏறும். இரண்டும் தாமாகக் கலக்காது, விசிறிதான் மெதுவாகச் சுற்றிக் கலக்கிவிட வேண்டும். ஊரெல்லாம் வாய்கிழியப் பேசியவன் வீட்டில் கோட்டை விட்டான்.

கட்டிலிலிருந்து ஒருமுறை உருண்டு விழுந்த அப்பாவுக்குத் தரையில் மெத்தை போட்டுக் கொடுத்திருந்தான். ஹீட்டர் இருந்தது சுவரின் உச்சியில். வெப்பம் காட்டும் மீட்டர் அவன் கண் உயரத்தில்.

"குளிருதுடா," என்பார் அப்பா.

"மீட்டரைப் பாருங்கப்பா, நல்லா சூடாத்தான் இருக்கு. வயசாச்சுல்ல, அப்படித்தான் தோணும்." நின்றபடியேதான் சொல்வான்.

அவரும் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். அப்பாடா, நச்சரிப்பு ஓய்ந்தது என்று இருந்தான். போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். வயதுதான், வேறொன்றுமில்லை என்றார் டாக்டர்.

அவனுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், கேட்டவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னான். மனம் மரத்துக் கிடந்தது. எல்லாரும் கிளம்பிய பிறகு, அலைந்து களைத்த அக்கா மத்தியானம் அப்பாவின் மெத்தையிலேயே சாய்ந்தாள்.

"என்னடா இது, கீழே இப்படி ஜில்லுனு இருக்கு! அப்பா குளிருதுன்னு சொல்லலையா?"

அவன் குனிந்து மெத்தையோரம் கையை நீட்டிப் பார்த்தான். விரல்கள் சில்லிட்டன.

"சொன்னாருக்கா."

"நீ என்ன சொன்னே?"

அவன் எழுந்துபோய்க் கூரை மின்விசிறியை ஆகக் குறைந்த வேகத்தில் போட்டான்.

"உனக்கென்ன பைத்தியமா? குளிர்ல போய்..." என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கூரையடியில் தேங்கியிருந்த சூடு மெல்ல இறங்கித் தரைவரை வந்தது. கொஞ்ச நேரத்தில் போர்வையைத் தள்ளிவிட்டாள்.

"இப்பதான்டா கதகதன்னு இருக்கு," என்றாள் பாதித் தூக்கத்தில். "இது உனக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்க்கா," என்றான். "இதானே என் வேலை."