ஓடிப் பார்க்கத் தந்த கார்

...காரின் பொனற் மூடி சுடுகிறதே, என்று உள்ளங்கையை வைத்த மாத்திரத்திலேயே சுடலைமுத்துவுக்கு விளங்கிவிட்டது, தாங்கள் பஸ்ஸால் இறங்கி இந்த வளவுக்குள் நுழையுமுன்னமே யாரோ இதை ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், எதற்காகச் சூடாக்க வேண்டும், குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் முதல் மூச்சு விடும்போதுதான் அதன் நோயெல்லாம் வெளியே வரும், நீலப் புகையா வெள்ளைப் புகையா, இருமலா இழுப்பா, எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில், பிறகு சூடேறிவிட்டால் எந்தக் கிழட்டு எஞ்சினும் குமரிப்பெட்டை மாதிரிப் பாடும், றேடியேற்றர் மூடியையும் திறந்து பார்க்க முடியாது, திறந்தால் முகம் வெந்து போகும்... காரை விற்கிற பளை யோகலிங்கத்தார் விவரமான ஆள்தான். தென்னைக்குக் கீழே கறுப்புக் காரை நிறுத்தி, ரயருக்குக்கூடக் கறுப்புப் பூசி, தானே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டு, முதலாளி ராஜரத்தினத்தை அதிலே இருத்தி இளநீரும் வெட்டிக் கொடுத்துவிட்டார். முதலாளி இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு காரைப் பார்க்கிறார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி நேரே பார்க்கவும் கூச்சம், பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. கொழும்பில் ஒரு பெரிய கொம்பனிக்காரர் ஓடிய சீமைக் கார், உள்ளே தோல் சீற், கதவில் மரப்பலகை, சாம்பல் தட்டுகிற இடம்கூட வெள்ளி மாதிரி மின்னுகிறது. கிளிநொச்சியில் நெல்லுக் குற்றுகிற மில்லுக்காரனுக்கு எதற்கு இது என்று கேட்டால் கேட்கலாம், ஆனால் அடுத்த மாதம் மகளை வவுனியாவில் கட்டிக் கொடுக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், அவர்கள் வாசலில் டிராக்டர் பெட்டியிலா போய் இறங்குவது, என்று முதலாளியம்மா மூன்று மாதமாக ஒரே பாட்டு.

அதனால்தான் இவனும் வந்திருக்கிறான். சும்மா வரவில்லை, போன கிழமை மில் வாசலில் வைத்து முதலாளி சொன்னார், "கார் சரிவந்தால் நீதான் ஓடப்போறாய், சுடலைமுத்து. மூடை தூக்கினது காணும், இனி விடு." அந்தச் சொல்லை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்சாதி ராக்காயியிடம் கொடுத்தபோது அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, எண்ணெய் தடவித் தடவித் தன் கைக்குப் பழகிப்போன அவனுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "தொர காரக் கழுவுன ஆளு இனிமே தொர மாதிரி உக்காந்து ஓட்டப் போறீகளாக்கும்" என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சிரித்து முடித்தபின்னும் கையை எடுக்கவில்லை. முதுகெலும்பில், இடுப்புக்கு மேலே மூன்றாவது முள்ளு. மூடையை முதுகில் வாங்கி லொறிப் பலகையில் ஏறும்போது அந்த இடத்தில் யாரோ ஆணி வைத்து முறுக்குகிற மாதிரி... இன்னும் ஒரு போகம் தாங்குமா, இரண்டு போகம் தாங்குமா, பிறகு? தேயிலைத் தோட்டத்தை விட்டு எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடிவந்தபோது இந்த முதுகு ஒன்றைத்தானே கொண்டுவந்தான். லயத்தில் விட்டுவந்த பானை சட்டியை எல்லாம் இந்த ஐந்து வருசத்தில் முதுகுதான் திருப்பி வாங்கிக் கொடுத்தது.

"உவர் ஆர், மெக்கானிக்கோ?" என்று யோகலிங்கத்தார் கேட்டது காதில் விழுந்தது. முதலாளி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை, எங்கட மில்லில நிக்கிறவர். ஆனால் மலைநாட்டில துரையின்ர கார் ஓடினவர், உப்பிடிக் காரெல்லாம் அவருக்கு விளையாட்டு" என்றார். "அப்பிடியோ, அப்ப நான் வாயைப் பொத்திறன், துரைமாரின்ர ஆள் வந்திருக்கிறார்" என்று யோகலிங்கத்தார் ஒரு சிரிப்புச் சிரித்தார். ஓடினவர்... ஓடவில்லை. கழுவினவன். ஒன்பது வருசம், விடிய ஐந்து மணிக்கு, கை விறைக்கிற மஸ்கெலியாத் தண்ணீரில். வேலைக்கு வந்து சேர்ந்த அன்று 'துரை காரைப் பாத்துக்கிட்டேங்க ஐயா' என்று அவன் சொன்னான், முதலாளி தன்பாட்டில் அதை ஓடினது என்று எடுத்துக்கொண்டார், இவன் திருத்தவில்லை, அது பொய்யா, முழுப் பொய் இல்லை, காரைப் பற்றி அதன் டிரைவருக்குத் தெரியாததெல்லாம் கழுவுகிறவனுக்குத் தெரியும், எங்கே தண்ணீர் நின்று துருப்பிடிக்கும், எந்தக் குழாய் முதலில் வெடிக்கும், எண்ணெய் எங்கே கசியும். ஆனால் அந்தக் காரில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உள்ளே துடைக்கும்போதுகூட வெளியே முழங்கால் போட்டுக் கொண்டு கையை மட்டும்தான் உள்ளே விடவேண்டும், அது தோட்டத்துச் சட்டம். லைசென்ஸ் போன வருசம் எடுத்தது, டிராக்டரில் பழகி, அதற்காகவே நாற்பத்திரண்டு வயதில் விமலேஸ்வரி ரீச்சரிடம் ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்து அ எழுதி... கையில் மூடை பிடித்த காய்ப்பு, பென்சில் நிற்காது, ரீச்சர் துணி சுற்றிக் கொடுப்பா.

குனிந்து கதவுக்குக் கீழே விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். முன் பக்கம் டங் என்றது. பின் சில்லுக்குக் கிட்டப் போகப் போகச் சத்தம் செத்துப்போய், ஊறின மட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி... உப்புக் காற்று, ஆனையிறவுக் கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம், தகரத்தைத் தின்றுவிட்டது, மேலே கறுப்பு மை பூசி மறைத்திருக்கிறார். அது பெரிய காரியமில்லை, ஒட்டலாம், ஒரு வருசம் இழுக்கும். ஸ்ரியறிங்கைக் கதவுக்கு வெளியே நின்று ஆட்டினான், நான்கு விரல் அளவுக்குச் சும்மா ஆடுகிறது. அதுவும் பார்க்கலாம், சாமான் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும், இந்தச் சீமைக் கார்களுக்கு எல்லாமே தேடித் தேடித்தான்... மனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தேடிக் கொண்டுவருகிறதே, யாருக்காக? பொனற்றைத் தூக்கினான். கழுவி எண்ணெய் பூசி எல்லாம் மினுமினுப்பு. எஞ்சின் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்தான்.

வெள்ளை. மூடியின் உட்புறம் முழுக்க, கடைந்து வெண்ணெய் திரண்ட மோர் மாதிரி, விரல் தடிப்புக்கு வெள்ளை நுரை. எண்ணெய்க்குள் தண்ணீர் போகிறது. எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற கஸ்கெட் தகடு எரிந்துவிட்டது, அல்லது இரும்பே வெடித்திருக்கிறது, வெடித்திருந்தால் பஞ்சிகாவத்தையும் இல்லை, கடவுளும் இல்லை. அந்த வெள்ளையை அவன் எவ்வளவு நேரம் பார்த்தான், ஒரு கண் இமைக்கிற நேரம் இருக்குமா, அதற்குள் அவனுடைய வலது கைப் பெருவிரல் தானாகப் போய் அந்த நுரையை ஒரு வளைவாக வழித்து, சாரத்தின் மடிப்பில் துடைத்து, மூடியையும் சுற்றித் துடைத்து... துடைத்து முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தான் என்பதே அவனுக்குத் தெரிந்தது. கை செய்தது. ஒன்பது வருசம், துரை வருமுன் எந்த அழுக்கையும் துடை, துரையின் கண்ணில் எதுவும் படக்கூடாது, பட்டால் அறை விழும், அந்தப் பழக்கம் எலும்புக்குள் இருந்துகொண்டு... அப்படித்தானா? பழக்கம்தானா? ராக்காயியின் கை முதுகில் இருந்ததே, அது இல்லையா? முதலாளி கதிரையை விட்டு எழுந்து வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வடிவாய்த் துப்பரவாய் வைச்சிருக்கிறார் என்ன" என்றார். "ஆமாங்க ஐயா" என்றது இவன் வாய். கையில் இருந்த மூடி பளபளவென்று இருந்தது.

"ஓடிப் பாருங்கோவன், ஆனையிறவு மட்டும் போட்டு வாங்கோ, அதுக்குள்ள சோறு இறக்கிப்போடுவம், மனுசி றால் வாங்கி வைச்சிருக்கிறா" என்று யோகலிங்கத்தார் கார்த் திறப்பை நீட்டினார், முதலாளியிடம் இல்லை, இவனிடம். கதவைத் திறந்தான். உட்கார வேண்டும். சாரத்தைத் தட்டினான், செருப்பைக் கழற்றப் போனான், முதலாளி "எடேய், கோயிலுக்கே போறாய்? ஏறடா" என்றார், ஏறினான். தோல் சீற் அவனை உள்ளே வாங்கியது. வலிக்கிற அந்த முள்ளு, மூன்றாவது முள்ளு, பஞ்சில் போய்ப் பொருந்தி, இத்தனை வருசத்தில் முதல்தடவையாக யாரோ அந்த ஆணியைப் பிடுங்கி எடுத்த மாதிரி... இப்படியா இருக்கும், இப்படித்தான் இருந்ததா துரைமாருக்கு? கார் றோட்டில் ஏறியது. பனைகள் சத்தமில்லாமல் பின்னால் போயின. இயக்கச்சிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், முதலாளியையா, அவனையா. கண் றோட்டில் இருந்தது, பாதிக் கண் சூடு காட்டுகிற முள்ளில் இருந்தது, அதில் இங்கிலிஷ் எழுத்து, அவன் படித்தது தமிழ் எழுத்து, ஆனாலும் முள் நடுவில் நிற்க வேண்டும் என்பது தெரியும், நடுவில்தான் நிற்கிறது, ஏறு, ஏறித் தொலை, நீயே கொதித்து நீயே புகை விட்டு நீயே சொல்லிவிடு, என் வாயால் வேண்டாம்... என்றும், ஏறாதே, ஏறாதே தாயே, ஓடாமல் கிடந்த காருக்கு உள்ளே ஈரம் வேர்த்து இப்படிக் கொஞ்சம் நுரைக்கிறது உண்டுதானே, என்றும் ஒரே மூச்சில் இரண்டையும் நினைத்துக்கொண்டு... கொஞ்சமா அது? விரல் தடிப்பு. கார் கொதிக்கவில்லை, முள் அசையவில்லை, எஞ்சின் நல்லபிள்ளை மாதிரி ஓடியது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பு வெளிச்சத்தில் கண் கூசியது. "ஆமி முகாமடிக்குப் போகாத, உதில நிப்பாட்டு" என்றார் முதலாளி. இறங்கிப் போய்ச் சலம் விட்டுவிட்டு வந்து, காரை ஒருமுறை சுற்றி நடந்து, ஏறி இருந்து, கதவைச் சாத்தினார், அது பட்டுத் துணி விழுகிற மாதிரிச் சாத்துப்பட்டது. மரப்பலகையில் கையை வைத்துத் தடவினார். "பெட்டைக்கு நல்லாயிருக்கும் என்ன" என்றார் தன்பாட்டில். பிறகு திரும்பி, "சொல்லு சுடலைமுத்து. எடுக்கலாமோ?"

எடுக்கலாம் என்றால் நாளைக்கு மூடை இல்லை. எடுக்கலாம், ஓம் என்கிற ஒரே சொல்தான், அதைச் சொல்ல ரீச்சரிடம் படித்திருக்கவும் தேவையில்லை, தலையை ஆட்டினாலே போதும். வவுனியாவுக்கு எப்படியும் போய்ச் சேரும்... சேருமா? கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரைக்கும் போகும், அதற்கு அங்கால் காடு, உச்சி வெயில், பெண்ணும் தோழியும் பட்டும் பூவுமாய் உள்ளே நாலு பேர், பாரம், ஏற்றம், அப்போது ஏறும் இந்த முள், ஏறிப் பொனற்றுக்குள்ளிருந்து குபுகுபுவென்று வெள்ளையாய்... காட்டு றோட்டில் மணப்பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு மர நிழல் தேடி நிற்பாள், முகூர்த்தம் போகும், எல்லாரும் பொனற்றடியில் நிற்கிற அவனைப் பார்ப்பார்கள். அவன் எங்கே பார்ப்பான்? "வேணாங்க ஐயா" என்றான். அவனுடைய குரல்தான், வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முதலாளி ஒருவரிடம் இந்தச் சொல்லை அவன் முன்னே ஒருநாளும் சொன்னதில்லை. "எஞ்சினுக்குள்ள தண்ணி போகுதுங்க. இன்னிக்கி ஓடும், தூரத்துக்கு ஓடாது. மூடியில வெள்ளையா இருந்துச்சு, நான்தான்..." நான்தான் துடைத்தேன் என்றால் ஏன் துடைத்தாய் என்பார், எங்கே காட்டு என்பார், காட்ட என்ன இருக்கிறது, சாரத்தில் பத்து அழுக்கோடு பதினோராவது அழுக்கு, சிரிப்பார், உனக்கு ஓடப் பயம் என்பார், யோகலிங்கத்தார் எனக்குத் தூரத்துச் சொந்தம் தெரியுமா என்பார், சொல்லட்டும், வரட்டும் என்று ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

முதலாளி மரப்பலகையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்தார். "சரி" என்றார். "நீ சொன்னால் சரிதான். விடு." பிறகு, "என்ர மனுசிக்கு இனி நான் என்னத்தைச் சொல்லுறது, அதுக்கும் ஒரு மெக்கானிக் வேணும்" என்று தானே சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "யோகலிங்கத்தார் சோறு போடுவார். றாலைத் தின், வாயைத் திறவாத. வீட்டில கேட்டுச் சொல்லுறன் எண்டு நான் கதைக்கிறன். நாளைக்கு மூடை ஏத்த லொறி வருது, விடிய வெள்ளணவே வா." "சரிங்க ஐயா."

காரைத் திருப்பினான். அவ்வளவுதானா, என்று இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை, எங்கே காட்டு என்று கேட்கவில்லை, மூடியைத் திறந்து பார்க்கக்கூட இறங்கவில்லை, அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை அப்படியே கையில் வாங்கி வைத்துக்கொண்டார், ஆசையாய்ப் பார்த்த காரையும் விட்டுவிட்டார். ராக்காயி கேட்பாள். காரு எப்புடி என்பாள். சொல்லலாம், அவளுக்குச் சொல்லலாம், திட்டுவாள், பிறகு எண்ணெய் எடுத்து வருவாள்... சந்தோசமாக இருக்க வேண்டியதுதானே, தன் சொல்லுக்கு இவ்வளவு பாரம் இருக்கிறது என்று இந்த வயதில் தெரிய வந்திருக்கிறது, பிறகு ஏன் அந்தச் சந்தோசம் வரமாட்டேன் என்கிறது. கியரை மாற்றினான், கார் வழுக்கிக்கொண்டு வேகமெடுத்தது, பக்கத்தில் முதலாளி சீற்றில் சாய்ந்து, சால்வையை முகத்தில் போட்டுக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நித்திரையாகிப் போயிருந்தார். அவன் வேகத்தைக் குறைத்தான். நல்ல கார் ஐயா, எடுங்க, என்று சொல்லியிருந்தாலும் இந்த மனுசன் இதே மாதிரித்தானே சரி என்று சொல்லிவிட்டு, இதே மாதிரித்தானே சாய்ந்து படுத்திருப்பார்...