தெளித்துப் பார்த்த எண்ணெய்

எங்கள் பட்டறையில் அலுமினியத்தை உருக்கி, அச்சுக்குள் அழுத்தி வார்க்கிறோம். போன வாரம் அக்கா ஓட்டும் மெஷினில் ஒரு ஹைட்ராலிக் குழாய் வெடித்து, எண்ணெய் உலைப் பக்கம் பீய்ச்சியடித்தது. குப்பென்று தீ. அக்கா குதித்து விலகிவிட்டாள்; புருவம் மட்டும் பொசுங்கியது.

இனி அந்த மெஷினுக்கு எந்த எண்ணெய் என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பராமரிப்புப் பிரிவில் நான் புதுசு. வாய் ஓயாது என்பதால் எனக்கு அங்கே ரேடியோ என்று பெயர்.

இரண்டு மாதிரிகள் வந்திருந்தன. ஒன்று, அதிகச் சூடு தாங்கும், சுலபத்தில் பற்றாத எண்ணெய். மற்றது கிட்டத்தட்டப் பாதி தண்ணீர் கலந்த திரவம். அதைப் போட்டால் கசிவை அடைக்கும் ரப்பர் சீல்களை மாற்ற வேண்டும், தொட்டியின் உள்பூச்சைச் சுரண்ட வேண்டும், அதுவரை மெஷின் சும்மா நிற்கும். நான் எண்ணெய்க்குத்தான் கொடி பிடித்தேன். சூடான தகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினேன். புகைந்தது, பற்றவில்லை. மேனேஜர் உடனே பீப்பாய்களை வரவழைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவை வந்துவிட்டன; மதியம் ஊற்ற வேண்டும். அதற்குள் இன்னும் கொஞ்சம் படம் காட்ட எனக்கு ஆசை. வார்ப்பு ஒட்டாமலிருக்க அச்சுக்கு மருந்தடிக்கும் தெளிப்பானைக் கழுவி, எண்ணெயை நிரப்பி, வெல்டரை முற்றத்துக்கு இழுத்துப் போனேன்.

"அண்ணே, கேஸ் டார்ச்சப் பத்தவச்சுப் பிடிங்க. தள்ளி நின்னு அடிக்கிறேன். பத்தவே பத்தாது பாருங்க."

"பத்தினா?"

"டீ என் செலவு."

"முதல்ல தீயணைப்பானக் கொண்டு வா. டீய அப்புறம் பாப்போம்."

அடித்தேன். புகைபோலப் போன எண்ணெய் ஆள் உயர நெருப்பாக எழுந்தது.

வெல்டர் டார்ச்சை அணைத்தார். "என்ன, ரேடியோ நின்னுபோச்சு?"

வெடித்த குழாயிலிருந்து எண்ணெய் சொட்டாது, தூவானமாகப் பறக்கும். எனக்குத் தெரியாததா? அக்காவின் புருவத்தைப் பார்த்தவள்தானே. கெட்டிக்காரி என்று பெயரெடுக்கும் அவசரத்தில், என் எண்ணெய் எதில் ஜெயிக்குமோ அந்தச் சோதனையை மட்டும் செய்திருக்கிறேன்.

தெளிப்பானை நன்றாகக் கழுவி மற்றதை அடித்தோம். ஆவி சீறியது. டார்ச் நுனியில் சின்ன மினுக்கம். டார்ச்சை விலக்கியதும் அதுவும் இல்லை.

மேனேஜரிடம் ஓடினேன்.

"நேத்து நீதானம்மா தலையிலடிச்சு சத்தியம் பண்ண?"

"ஆமா சார். அது தப்பு."

"மெஷின் நின்னா மேல யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். முதல்ல நீங்க வந்து ஒரு தடவ பாருங்க சார்."

வந்தார். இரண்டையும் அடித்துக் காட்டினேன். தாடையைத் தடவிக்கொண்டே, "சரி, மெஷின நிறுத்து" என்றார்.

தொட்டியை வடித்ததும், பழைய எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதிய திரவம் கெட்டுவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் காலித் தொட்டியின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

"விடுக்கா, ஆள் போடுறேன்."

"போடி. மெஷின் முன்னாடி நிக்கப்போறது யாரு, உன் ஆளா? துணியக் குடு."

கொடுத்தேன். மூலையெல்லாம் துடைத்தாள். பிறகு விரலால் தடவிப் பார்த்து, பளபளத்த நுனியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னும் இருக்கு. அந்தப் பக்கம் நீ துடை."